ஐயாவின் கால் நகமும் மாமரத்துப் பங்கசும்

இருபது வருடத்துக்கு மேலாக மற்றவர்களின் கால் நகத்தைச் சுரண்டித் தபாலில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். என் உத்தியோகத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு இன்னும் தெரியவில்லை. பதவிப் பெயர் பொடியாட்ரிஸ்ட். தமிழில் பாத வைத்தியர் என்று எழுதினால் டொக்டருக்குப் படித்தவர் என்று நினைத்துவிடுகிறார்கள், அது இல்லை. இங்கிலாந்தில் இது தனியான ஒரு பட்டப்படிப்பு, தனியான பதிவு, முந்தைய தலைமுறை கிரோபொடிஸ்ட் என்று சொல்லும். 2013இல் சட்டம் மாறியதால் மேலதிகப் பயிற்சி முடித்தவர்கள் மருந்தும் எழுதலாம், அதற்கு முன் எல்லாவற்றுக்கும் ஜிபிக்கு, அதாவது குடும்ப டொக்டருக்கு, கடிதம் போட்டுவிட்டுக் காத்திருந்தோம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தமான மாமி ஒருவர் கேட்டார்: "அப்ப பிள்ளை, லண்டனுக்கு வந்து படிச்சதெல்லாம் நகம் வெட்டவோ?" ஊரில் முடி வெட்டுவதும் நகம் வெட்டுவதும் யாருடைய தலையில் கட்டப்பட்டிருந்த தொழில் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே அது என் வேலையைப் பற்றிய கேள்வியே இல்லை. நான் சிரித்துவிட்டுப் பாயாசத்தைக் குடித்தேன். சாப்பாடு முடிந்து கை கழுவப் போன இடத்தில் அதே மாமி என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், சேலையைக் கொஞ்சம் தூக்கி, செருப்பைக் கழற்றிப் பெருவிரலைக் காட்டினார். பத்து வருடமாகப் பங்கசாம். மூன்று விதமான களிம்பு பூசியாயிற்றாம்.

எனக்கென்னவோ அது பங்கசு மாதிரித் தெரியவில்லை. இறுக்கமான சப்பாத்து வருடக்கணக்காக நகத்தின் வேரை அமுக்கினால் நகம் அப்படித்தான் தடித்து மஞ்சளாக வளரும். சோரியாசிஸ் என்ற தோல் வருத்தம் இருந்தாலும் நகம் கெடும். தடித்து நிறம் மாறிய நகங்களில் பாதிக்குத்தான் பங்கசு காரணம் என்பது எங்கள் துறையில் பால பாடம். மற்றப் பாதிப் பேர் இல்லாத நோய்க்கு மருந்து பூசிக்கொண்டிருக்கிறார்கள். மாமியிடம் இதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

பெயர் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பங்கசு என்று படித்ததால் எனக்கு அப்படித்தான் வரும், தமிழ்நாட்டு நண்பர்கள் பூஞ்சை என்று வாசித்துக்கொள்ளலாம். விரலிடுக்கில் வந்தால் சேற்றுப்புண், உடம்பில் வட்டமாகப் படர்ந்தால் படர்தாமரை, நகத்தில் வந்தால் நகச்சொத்தை என்று மூன்று பெயர் வைத்திருக்கிறோம், மூன்றுக்கும் பின்னால் பெரும்பாலும் ஒரே கூட்டத்துப் பங்கசுகள்தான். நகச்சுற்று மட்டும் வேறு. அது நகத்தைச் சுற்றிய சதையில் சீழ் பிடிப்பது, எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் சொருகுவார்களே, அது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் ஆராய்ச்சிப் பக்கம் போனதற்கு ஒரு ஐயாதான் காரணம்.

ஊரில் வாத்தியாராக இருந்தவர். கிளினிக்குக்கு மகளோடு வந்தார், கதிரையில் இருந்து காலை நீட்டவே கூச்சப்பட்டார். இரண்டு பெருவிரல் நகமும் கரும்பழுப்பாக, ஓரத்தில் அடிச் சதையை விட்டுக் கழன்று நின்றன. உள்ளங்கால் முழுக்க மா பூசியதுபோல் உலர்ந்து உதிர்ந்தது. ஜிபி ஏற்கெனவே டெர்பினாஃபின் என்ற பங்கசு மாத்திரை கொடுத்திருந்தார், நாளுக்கு 250 மில்லிகிராம், மூன்று மாதம், கால் நகத்துக்கு அதுதான் கணக்கு. ஒரு துளி மாற்றம் இல்லை. ஆய்வுகூடத்துக்கு இரண்டு தடவை அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு தடவையும் ஒரே பதில்: நுண்ணோக்கியில் பங்கசு இழைகள் தெரிகின்றன, வளர்ப்பில் எதுவும் வளரவில்லை.

"பிள்ளை, இது மாறுமோ மாறாதோ? ஒண்டைச் சொல்லும்" என்றார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்றாம் தடவையும் சுரண்டி அனுப்பினேன். இதற்கென்றே மடித்த கறுப்புக் காகித உறைகள் இருக்கின்றன, வெள்ளைத் தூள் கறுப்பில் தெளிவாகத் தெரியும் என்பதால். உறையோடு போகும் படிவத்தில் பெயர், வயது, எந்த விரல், என்ன மருந்து என்று நிரப்பினேன். கடைசியில் "பயணம் / வாழ்ந்த நாடு" என்று ஒரு சின்னக் கட்டம். அதை நான் வெறுமையாக விட்டேன். எனக்கு முன் அனுப்பியவர்களும் விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கால் நகத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நாலைந்து நாள் கழித்து ஆய்வுகூடத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் ஓய்வு பெறும் வயது. ஆளின் பெயரைப் பார்த்தேன், இவர் எங்கே பிறந்தவர் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். அங்கே வெறுங்காலோடு நடப்பாரா? வளவில் மரங்கள் இருந்தனவா? நான் ஐயாவின் மகளுக்குப் போன் எடுத்து விசாரித்துச் சொன்னேன். முன் முற்றத்தில் ஒன்று, கோடியில் இரண்டு, மூன்றும் மாமரம், ஐயா பாட்டா போட்டது பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது மட்டும். அந்தப் பெண் மறுமுனையில் சந்தோஷப்பட்டதை என்னால் கேட்க முடிந்தது.

விஷயம் இதுதான். நகத்தை வளர்ப்புத் தட்டில் போட்டால் நமக்கு வேண்டாத காற்றுப் பங்கசெல்லாம் முதலில் முளைத்துத் தட்டை நிரப்பிவிடும். அதைத் தடுக்க சைக்ளோஹெக்சிமைட் என்ற ஒரு மருந்தைத் தட்டிலேயே கலந்துவிடுவார்கள். வழக்கமான நகப் பங்கசு அதைத் தாங்கும், மற்றவை செத்துவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் வெப்ப நாடுகளில் மரங்களைத் தாக்கும் ஒரு பங்கசு இருக்கிறது, இன்றைய பெயர் நியோசைடாலிடியம் டிமிடியேட்டம், மாமரக் கொப்புகளைப் பட்டுப்போக வைக்கும். அது மனிதன் நகத்திலும் தோலிலும் குடியேறும். அதுவும் சைக்ளோஹெக்சிமைட்டில் செத்துவிடும். ஆக, நகத்துக்குள் உயிரோடு இருக்கும், நுண்ணோக்கியில் தெரியும், தட்டில் போட்டதும் மறைந்துவிடும். அந்தப் பெண் ஐயாவின் நகத்தூளை மருந்து கலக்காத ஒரு தட்டில் போட்டார். மூன்றாம் நாளே தட்டு முழுக்கச் சாம்பலும் கறுப்புமாகப் பஞ்சுபோல் பொங்கி மூடியை முட்டி நின்றது.

நான் போய்ப் பார்த்தேன். ஒரு பஸ், ஒரு ரயில், மறுபடி ஒரு பஸ். அந்தத் தட்டைக் கையில் வைத்துப் பார்த்த நேரம்தான் கிளினிக் வேலை மட்டும் போதாது என்று முடிவெடுத்த நேரம் என்று இப்போது தோன்றுகிறது, அன்றைக்கு எனக்குத் தோன்றியதெல்லாம் இந்த ஐயா மூன்று மாதம் சும்மா மாத்திரை விழுங்கியிருக்கிறாரே என்பதுதான். இந்தப் பங்கசுக்கு டெர்பினாஃபின் பெரும்பாலும் வேலை செய்யாது.

பிறகு நூலகத்தில் தேடினால், இது ஒன்றும் புதிதல்ல. 1970இலேயே ஜென்டில்ஸ், எவன்ஸ் என்ற இருவர், வெப்ப நாடுகளிலிருந்து பிரித்தானியாவுக்கு வந்து குடியேறியவர்களின் கால்களிலும் நகங்களிலும் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள், அப்போது அதன் பெயர் ஹென்டர்சோனுலா. முப்பத்தைந்து வருடமாக அச்சில் இருந்த ஒரு தகவல் ஐயாவின் கட்டத்துக்குள் வந்து சேரவில்லை.

இந்த ஜென்டில்ஸ் சாதாரண ஆள் இல்லை. 1957இல் ஹோம்ஸ் என்பவரோடு சேர்ந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் காலில் வரும் சேற்றுப்புண்ணை ஆராய்ந்தவர். சுரங்க வாசலில் எல்லோரும் ஒன்றாகக் குளிக்கும் குளியலறைகள், வெறுங்கால், ஈரத் தரை, அதற்கு மேல் பங்கசுக்கு என்ன வேண்டும். அடுத்த வருடம் அவரே கினிப்பன்றிகளுக்கு கிரிசியோஃபுல்வின் என்ற மருந்தை வாய்வழி கொடுத்து, உடம்புக்குள் போகும் மருந்து தோலில் இருக்கும் பங்கசைக் குணமாக்கும் என்று காட்டினார். கிரிசியோஃபுல்வின் 1939இலேயே பிரித்தெடுக்கப்பட்ட பொருள்! இருபது வருடம் இப்படி ஒரு பயன் இருப்பது தெரியாமல் கிடந்தது. அதற்கு முன் நகச்சொத்தைக்கு நகத்தைப் பிடுங்குவார்கள், எக்ஸ்ரே கூடக் கொடுத்திருக்கிறார்கள்.

அதே காலத்தில் பிரிஸ்டலில் மேரி இங்கிலிஷ் என்ற பங்கசியலாளர் நீச்சல் குளங்களின் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கிப்ஸன் என்பவரோடு சேர்ந்து 1959இல் எழுதிய கட்டுரைகளில் ஒன்று பள்ளிப் பிள்ளைகளின் கால்களைப் பற்றியது, மற்றது குளத்துத் தரையைப் பற்றியது. எவ்வளவு எளிமையான யோசனை! காலைப் பார், அது நின்ற தரையையும் பார். எனக்கு இந்த மாதிரி ஆட்களைத்தான் பிடிக்கும்.

அப்புறம் இன்னொன்று தெரியவந்தது, அது என்னை உண்மையிலேயே உலுக்கியது. இன்றைக்கு உலகத்தில் கால் நகத்தைக் கெடுக்கும் பங்கசுகளில் முதலிடம் டிரைக்கோஃபைட்டன் ரூப்ரத்துக்கு. அதை 1910இல் விவரித்துப் பெயர் வைத்தவர் ஆல்டோ காஸ்டெல்லானி, இத்தாலிக்காரர். அவர் அதைக் கண்டது இத்தாலியில் இல்லை. கொழும்பில். 1903இலிருந்து அங்கே வேலை பார்த்தவர், தொடையிடுக்குப் படையோடு வந்தவர்களிடமிருந்து எடுத்துப் பார்த்திருக்கிறார். (அதே வருடம் பாரிஸில் பாங் என்பவரும் இதே பங்கசை வேறு பெயரில் விவரித்தார், யாருக்கு முதல் மரியாதை என்ற சண்டை வழக்கம்போல் உண்டு.) காஸ்டெல்லானி பிற்பாடு முசோலினியின் எதியோப்பியப் போருக்கு மருத்துவப் பொறுப்பாளராகப் போனார், ஆகவே ஆளைக் கொண்டாடும் நோக்கம் எனக்கு இல்லை. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது, அவர் பெயரில் ஒரு சிவப்பு மைபோன்ற மருந்துகூட உண்டு.

கொழும்பில் அவர் கண்டது தொடையிடுக்கில், காலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். துறையில் பரவலாகச் சொல்லப்படும் கதை இது: ரூப்ரம் தென்கிழக்காசியா, வட ஆஸ்திரேலியா, மேற்கு ஆப்பிரிக்கா பக்கங்களில் நெடுங்காலமாக இருந்த பங்கசு. அங்கே வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு அது உடம்பில் படையாக இருந்தது, காலில் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. சப்பாத்தும் சொக்ஸும் போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அதிகாரிகளும் வந்தார்கள். இருட்டு, சூடு, வியர்வை. பங்கசு காலுக்கு இறங்கியது. அவர்களோடு கப்பலேறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனது, இரண்டு உலகப் போரிலும் நன்றாகப் பரவியது. சேற்றுப்புண் என்று நாம் பெயர் வைத்தாலும் சேறு தேவையில்லை, சப்பாத்தே போதும். நூறு வருடம் கழித்து நாங்கள் லண்டனுக்கு வந்து சப்பாத்துப் போட, எங்கள் காலுக்கும் திரும்பி வந்து சேர்ந்தது.

கிளினிக்கில் வெள்ளைக்காரப் பாட்டிமாரின் காலைச் சுரண்டும்போது சிலசமயம் இதைச் சொல்வேன், கொழும்பில் பெயர் வைத்த சாமான் அம்மா இது என்று. சிலர் ரசிப்பார்கள்.

ஆராய்ச்சி என்று சொன்னேனே, அதில் பெருமையாகச் சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. முதலில் பகுதிநேர முதுகலை. ஒரே நகத்தில் நுனியிலிருந்து, நடுவிலிருந்து, உள்ளே நோய் முன்னேறும் எல்லையிலிருந்து என்று மூன்று மாதிரி எடுத்து அனுப்பினால் பதில் மாறுமா என்று பார்த்தேன். மாறியது. உள்ளே போகப் போக உயிருள்ள பங்கசு கிடைக்கும், நுனியில் இருப்பது பழைய செத்த இழையும் தூசும். புத்தகத்தில் ஏற்கெனவே இருந்த முடிவுதான். ஆனால் இன்றைக்கும் நகவெட்டியால் நுனியை நறுக்கென்று வெட்டி உறையில் போட்டு அனுப்பிவிட்டு "நெகட்டிவ், ஆகவே பங்கசு இல்லை" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சரியாக எடுக்க வேண்டுமென்றால் நகத்தைக் கழன்ற இடம் வரை வெட்டிக்கொண்டு போய், அடியில் இருக்கும் சீஸ் மாதிரித் தூளைக் கரண்டிபோன்ற சின்னக் கருவியால் வழிக்க வேண்டும். நோயாளிக்குக் கூச்சம், நமக்கு முதுகுவலி. நன்றாக எடுத்தாலும் வளர்ப்பில் பல தடவை ஒன்றும் வளராது, அதனால் ஒரு நெகட்டிவை வைத்துக்கொண்டு யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள் என்று என் மாணவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது.

அப்புறம் மருந்துச் சோதனைகளில் மாதிரி எடுப்பவராக, அளப்பவராக இருந்தேன். கால் பெருவிரல் நகம் மாதத்துக்கு ஒன்று ஒன்றரை மில்லிமீற்றர்தான் வளரும், முழுதாகப் புதுப்பிக்க ஒரு வருடம் ஒன்றரை வருடம். ஆகவே எந்தச் சோதனையும் ஒரு வருடத்துக்குக் குறையாது. நோய் நிற்கும் எல்லையில் நகத்தில் ஒரு கீறல் போட்டுவிட்டு அந்தக் கீறல் நுனியை நோக்கிப் போகிறதா, நோய் அதைத் தாண்டி உள்ளே வருகிறதா என்று மாதாமாதம் அளப்போம். புல் வளர்வதை உட்கார்ந்து பார்ப்பவன் என்னைவிடப் பரபரப்பான வேலை பார்க்கிறான். இடையில் ஆட்கள் வீடு மாறுவார்கள், கர்ப்பமாவார்கள், சலித்துப்போவார்கள், ஒருவர் எட்டாம் மாதம் நகத்துக்கு நிறம் பூசிக்கொண்டு வந்தார்.

இந்தத் துறையில் எனக்குப் பிடித்த சோதனை 1999இல் வந்தது, எவன்ஸும் ஐஸ்லாந்துக்காரர் சிகுர்கெய்ர்சனும் செய்தது. முதலில் சொன்ன எவன்ஸ்தான். 496 பேர். தினமும் டெர்பினாஃபின் எடுத்தவர்களையும், மாதத்தில் ஒரு வாரம் இட்ராகொனசோல் என்ற இன்னொரு பங்கசு மருந்து எடுத்தவர்களையும் 72 வாரம் தொடர்ந்து பார்த்தார்கள். பங்கசு ஒழிந்தது டெர்பினாஃபினை மூன்று மாதம் எடுத்தவர்களில் 76 சதவீதம், மற்றதை மூன்று மாதம் எடுத்தவர்களில் 38. அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல கதை. அவர்களில் ஐஸ்லாந்தில் இருந்தவர்களை ஐந்து வருடம் விடாமல் பின்தொடர்ந்தார்கள், மறுபடி மருந்து எடுக்காமலே பங்கசு இல்லாமல் இருந்தவர்கள் முதல் கூட்டத்தில் 46 சதவீதம், மற்றதில் 13. நல்ல மருந்துக்கே பாதிக்கு மேல் நிற்கவில்லை. ஐந்து வருடம் ஒருத்தர் நகத்தைத் துரத்திப் பார்க்கும் பொறுமை இருந்தால்தான் இந்த எண் கிடைக்கும், விளம்பரத்தில் இது வராது.

பூசும் மருந்துகளின் கதை இன்னும் சோகம். 2014இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த எஃபினகொனசோலுக்கு நடந்த இரண்டு பெரிய சோதனைகளில் 1,655 பேர் அந்த மருந்தையோ மருந்தில்லாத வெறும் திரவத்தையோ 48 வாரம் தினமும் பூசினார்கள். முழுக் குணம், அதாவது நகமும் தெளிவாகி பங்கசும் போய்விட்டது என்று சொல்லக்கூடியவர்கள், மருந்தைப் பூசியவர்களில் ஒரு சோதனையில் 17.8 சதவீதம், மற்றதில் 15.2. வெறும் திரவத்தைப் பூசியவர்களில் 3.3, 5.5. வித்தியாசம் உண்மை, மருந்து வேலை செய்கிறது. ஆனால் நூறு பேரில் எண்பதுக்கு மேல் ஒரு வருடம் பூசிவிட்டும் முழுக் குணம் இல்லாமல் நிற்கிறார்கள். லேசருக்கு வருகிறேன்: அமெரிக்காவில் அந்தக் கருவிகளுக்குக் கொடுத்த அனுமதியே "தெளிவான நகம் தற்காலிகமாக அதிகரிப்பதற்கு" என்ற வாசகத்தோடுதான். தற்காலிகமாக என்ற சொல்லை நோட்டீஸில் எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள் என்று காசு கட்டுவதற்கு முன் பாருங்கள்.

இதெல்லாம் அழகு விஷயம், உயிர் போகிற காரியமா என்று நிதி கொடுக்கும் குழுவில் கேட்பார்கள். நகம் என்றாலே சிரிப்பு. நான் இரண்டு விஷயம் சொல்வேன். ஒன்று, 1999இல் பிரெஞ்சு வைத்தியர்கள் காலில் செலுலைட்டிஸ், அதாவது தோலுக்கடியில் கிருமி பரவி வீங்கும் வருத்தம், வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களை ஆராய்ந்தபோது, விரலிடுக்கு வெடிப்பு இருந்தவர்களுக்கு அந்த ஆபத்து ஏறத்தாழ 14 மடங்கு. கிருமி உள்ளே வர விரலிடுக்கு ஒரு திறந்த படலை. இரண்டு, சீனி வருத்தம். நீரிழிவு உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு நகப் பங்கசு என்று குப்தாவின் 1998 ஆய்வு சொல்கிறது, மற்றவர்களைவிட 2.77 மடங்கு. தடித்த நகம் சப்பாத்துக்குள் பக்கத்து விரலை அறுக்கும், உணர்ச்சி குறைந்த காலுக்கு அது தெரியாது, புண் வரும், அதற்குப் பிறகு நடப்பது எங்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவருக்காவது நடந்திருக்கிறது. சிரிப்பு அங்கே நின்றுவிடும்.

என் சொந்த நுரையீரலைப் பற்றியும் ஒரு வரி. தடித்த நகத்தை மின்சார அரத்தால் தேய்க்கும்போது தூள் பறக்கும், பல நாள் மாலையில் மூக்குச் சிந்தினால் வெள்ளையாக வரும். 1983இல் எங்கள் தொழிலில் இருப்பவர்களின் இரத்தத்தைச் சோதித்தவர்கள், ரூப்ரத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகள் (அன்டிபொடிகள்) அதில் இருப்பதைக் கண்டு எழுதினார்கள். நோயாளியின் பங்கசை நாங்கள் சுவாசித்துக்கொண்டிருந்தோம். இப்போது உறிஞ்சி உள்ள அரம், முகக்கவசம் எல்லாம் உண்டு. நான் படித்த காலத்தில் அது கட்டாயமாகத் தெரியவில்லை, இருமிக்கொண்டே தேய்த்தோம்.

இன்னொரு தலைவலி அண்மைக்காலத்தில் சேர்ந்திருக்கிறது. இந்தியாவில் பத்து வருடத்துக்கு மேலாகப் படர்தாமரை ஒரு கொள்ளைநோய் மாதிரிப் பரவுகிறது, டெர்பினாஃபினுக்கு அசையாத ஒரு ரகம், 2020இல் டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். 2023இல் நியூயோர்க்கிலும் கண்டுபிடித்தாயிற்று. இது பெரும்பாலும் தோலைத்தான் பிடிக்கும், நகத்தை அல்ல. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் களிம்புகள், ஒரே ட்யூபில் பலமான ஸ்டீராய்டு, பங்கசு மருந்து, அன்டிபயோடிக் எல்லாம் கலந்தவை, இதை ஊதிப் பெருக்கியிருக்கின்றன என்று தோல் வைத்தியர்கள் சொல்கிறார்கள். பூசியதும் அரிப்பு நிற்கும், ஸ்டீராய்டு செய்யும் வேலை அது. பங்கசு உள்ளே நிம்மதியாகப் படரும். 2018இல் அங்கே அரசு ஸ்டீராய்டுக் களிம்புகளைச் சீட்டு மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் ஊருக்குப் போய் வருகிறவர்களின் பெட்டியில் முறுக்குக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவில் அந்த ட்யூப் வருகிறது, அக்கா இது நல்ல மருந்து, ஒரு நாளில் நிற்கும் என்று எனக்கே காட்டுகிறார்கள். காட்டுகிறவர்களிடம் கோபித்துக்கொள்ள முடியாது, அந்த ஒரு நாள் அவர்களுக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும்.

வீட்டில் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது சுவாரஸ்யமே இல்லாதது. விரலிடுக்கைத் துடையுங்கள், சொக்ஸை 60 பாகையில் தோய்யுங்கள், குளிர்ந்த தண்ணீரில் பங்கசு சாகாது. நகத்துக்கு மருந்து எடுக்கும்போது உள்ளங்காலில் உதிரும் தோலுக்கும் பூசுங்கள், அங்கிருந்துதான் அது நகத்துக்குத் திரும்ப ஏறும். அப்பாவுக்கு இருந்தால் மகனின் காலையும் பாருங்கள், ரூப்ரம் பிடிக்கும் தன்மை சில குடும்பங்களில் பரம்பரையாக வருகிறது. மனைவிக்கு வராமல் மகனுக்கு வந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

ஐயாவின் கதைக்கு முடிவு கேட்பீர்கள். மாறவில்லை. மாமரத்துப் பங்கசுக்கு நம்பி எழுத ஒரு மருந்து அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் பெரிதாக இல்லை. உள்ளங்காலுக்கு விற்ஃபீல்ட் களிம்பு கொடுத்தோம், நூறு வருடப் பழைய மருந்து, பென்சோயிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும், அதில் தோல் கொஞ்சம் அடங்கியது. நகத்தை யூரியாவால் ஊறவைத்து மெலிதாக்கினேன், சப்பாத்துப் போடும்போது வலி இல்லை என்றார். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை வருவார், பல வருடம் வந்தார். முற்றத்து மரத்திலிருந்துதான் அவருக்கு வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது, மண்ணிலும் அது இருக்கும். அவருக்கு அந்தச் சந்தேகமே இல்லை. "வேற யாரும் ஊரிலயிருந்து ஒண்டும் கொண்டு வரேல்லை பிள்ளை, நான் மரத்தைக் கொண்டு வந்திட்டன்" என்று காத்திருக்கும் அறையில் எல்லோருக்கும் சொல்வார்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் அனுப்பிய மாதிரிக்குப் பதில் வந்தது. நுண்ணோக்கியில் இழைகள் தெரிகின்றன, வளர்ப்பில் எதுவும் இல்லை. படிவத்தை எடுத்துப் பார்த்தேன், கட்டம் வெறுமை. யார் அந்த நோயாளி என்று கேட்டேன். கானாவில் பிறந்த அம்மா ஒருவர், சேர், ஆனால் இங்கே முப்பது வருடமாக இருக்கிறார், அதனால் எழுதவில்லை என்றான். நான் சேர் இல்லை என்று சொல்லிவிட்டு ஒரு கறுப்பு உறையை அவன் கையில் கொடுத்தேன். வியாழக்கிழமை அந்த அம்மா மறுபடி வருகிறார்.